பாலைவனத்தைக் காத்த பெண்

"பாலைவனத்திலை பார்க்க என்ன பிள்ளை இருக்கு? மணலும் வெயிலும்தானே?"

ஜோசுவா மரத் தேசியப் பூங்காவுக்குப் போவோம் என்று மகள் சொன்னபோது நான் இப்படித்தான் கேட்டேன். என் கணவர் காலமாகி அப்போது எட்டு மாதங்கள். என்னைத் தனியே விட மனமின்றி, லொஸ் ஏஞ்சல்சில் உள்ள தன் வீட்டுக்கு மகள் என்னை அழைத்திருந்தாள். கணவனை இழந்தவள் சுற்றுலா போவதா என்ற கூச்சமும் எனக்கு இருந்தது.

"நாலு பேர் என்ன சொல்லுவினம்?"

"அந்த நாலு பேரும் இங்கை இல்லை அம்மா. வெளிக்கிடுங்கோ."

ஒரு மாசி மாதக் காலையில் புறப்பட்டோம். நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 225 கிலோமீற்றர் பயணம். பூங்காவினுள் கடைகள் இல்லை. பெரும்பாலான இடங்களில் குடிநீரும் இல்லை, தொலைபேசியும் வேலை செய்யாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் தண்ணீராவது கொண்டுபோக வேண்டும். மகள் தண்ணீர்ப் போத்தல்களோடு ஒரு சீப்பையும் பைக்குள் வைத்தாள். ஏன் என்று விளங்கவில்லை.

மலைப்பாதையில் ஏறியதும் ஜோசுவா மரங்கள் தெரிந்தன. எங்கள் கடற்கரைத் தாழையைப் போன்ற கூரிய இலைக் கொத்துகள். வானத்தை நோக்கி விரித்த கைகள் போன்ற கிளைகள். சில மரங்களில் வெண்ணிறப் பூங்கொத்துகள் அரும்பியிருந்தன. இம்மரத்தின் மகரந்தத்தை ஒரு சிறிய அந்துப்பூச்சிதான் பூவுக்குப் பூ கொண்டு செல்கிறது. அந்தப் பூச்சியின் புழுக்களுக்கோ இம்மரத்தின் விதைகளே உணவு. ஒன்று அழிந்தால் மற்றதும் இல்லை.

இங்கே இரண்டு பாலைவனங்கள் சந்திக்கின்றன. உயரமான, குளிர்ந்த பகுதி மொஹாவி. தாழ்ந்த, வெப்பமான பகுதி கொலராடோ. தாழ்ந்த பகுதியில் 'சோயா' என்னும் கள்ளித் தோட்டம் இருக்கிறது. பார்ப்பதற்குப் பஞ்சு போல இருக்கும். சற்று உரசினாலும் முட்கள் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். என் பாவாடையில் ஒட்டியதை மகள் சீப்பால் வாரி எடுத்தபோதுதான் சீப்பின் பயன் புரிந்தது. பல மாதங்களின் பின் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஒரு தாயின் துயரம்

இந்த நிலம் பாதுகாக்கப்பட்டதற்கு ஒரு பெண்ணே காரணம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அவர் பெயர் மினேர்வா ஹோய்ற். 1866இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, திருமணத்தின் பின் கலிபோர்னியாவில் வசதியாக வாழ்ந்தவர். தோட்டக்கலையில் பெரும் ஆர்வம் கொண்டவர். கைக்குழந்தையாயிருந்த மகனைப் பறிகொடுத்தார். 1918இல் கணவரையும் இழந்தார். அந்தத் துயரத்தில் அவருக்கு ஆறுதல் தந்தது பாலைவனத்தின் அமைதிதான்.

அக்காலத்தில் நகரத்தார் வீட்டுத் தோட்டங்களை அழகுபடுத்துவதற்காகக் கள்ளிகளையும் ஏனைய செடிகளையும் வேரோடு பெயர்த்துச் சென்றார்கள். பாலைவனம் யாருக்கும் சொந்தமற்ற வெற்று நிலம் என்பதே பொது எண்ணம். உண்மையில் செரானோ, கவியா, செமவேவி முதலிய பழங்குடி மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த பூமி அது.

மினேர்வா அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. நியூயோர்க், பொஸ்ரன், லண்டன் நகரங்களில் பாலைவனச் செடிகளின் கண்காட்சிகளை நடத்தினார். 1930இல் பாலைவனப் பாதுகாப்புக்கென ஒரு சர்வதேசச் சங்கத்தை நிறுவினார். பல ஆண்டுகள் அரசிடம் வாதாடினார். இறுதியில் 1936 ஆகஸ்ட் 10ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ற் ஏறத்தாழ 8,25,000 ஏக்கர் நிலத்தைத் தேசியச் சின்னமாகப் பிரகடனம் செய்தார்.

அத்துடன் போராட்டம் முடியவில்லை. மினேர்வா 1945இல் மறைந்தார். 1950இல் சுரங்க வேலைகளுக்காக அதில் சுமார் 2,90,000 ஏக்கர் நீக்கப்பட்டது. 1994இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டபோதுதான் அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. இன்று பூங்காவின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வீதியோ வாகனமோ இல்லாத வனாந்தரம். அங்கு நடந்து போகலாம், குதிரையில் போகலாம், அவ்வளவுதான்.

இன்றைய ஆபத்து

சட்டம் மாத்திரம் போதாது. 2020இல் அயலிலுள்ள மொஹாவிப் பாதுகாப்பு வலயத்தில் மின்னலால் மூண்ட தீயில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜோசுவா மரங்கள் கருகின. வெப்பம் கூடி வருகிறது. வெளியிலிருந்து வந்து பரவிய புற்கள் தீயை மேலும் பரப்புகின்றன. 2021இல் முப்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்தப் பூங்காவுக்கு வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு செடியை மிதித்தால், ஒரு கல்லை எடுத்தால் என்ன மிஞ்சும்?

இதைச் சொல்லும் எனக்கும் வெட்கமாக இருக்கிறது. நானும் ஒரு வழவழப்பான கல்லை நினைவுக்காகக் கைப்பைக்குள் போட்டிருந்தேன். "வையுங்கோ அம்மா, எடுக்கக் கூடாது" என்றாள் மகள். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

மாலையில் சுமார் 1,580 மீற்றர் உயரத்திலுள்ள ஒரு முகட்டில் நின்றோம். கீழே பள்ளத்தாக்கு, எதிரே பனி மூடிய சன் ஜசிந்தோ மலை. யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. என் கணவரின் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். தொண்டை அடைக்கவில்லை.

துக்கத்தில் இருக்கும் பெண்ணை வீட்டுக்குள் இருத்தி வைப்பதே மரியாதை என்று நாம் எண்ணுகிறோம். அவளைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்று பாருங்கள். மினேர்வா அங்கே பெற்ற ஆறுதல், எத்தனையோ ஆண்டுகள் கடந்து எனக்கும் கிடைத்தது. அவர் அந்த நிலத்தைக் காத்து வைத்ததால்தான் அது கிடைத்தது.