உங்களுக்குத் தெரியுமா? வீட்டுத் திரையில் அடிதடிப் படம்

மாரியம்மன் பண்டிகைக்கு டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் ஓட்டிய பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது நினைவிருக்கும். பெயர் போட்டு முடியும் வரை கதாநாயகன் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார். முடிந்ததும் சட்டென்று ஆள் சரியாகிவிடுவார். இது சினிமாஸ்கோப் செய்த வேலை. அதற்கான லென்ஸ் அகலமான காட்சியைப் பாதியாக நெருக்கிப் பிலிமில் பதிக்கும். தியேட்டர் புரொஜக்டரின் லென்ஸ் அதைத் திரும்ப விரித்துக் காட்டும். கேசட்டில் ஏற்றும்போது எழுத்துகள் ஓரத்தில் அறுபடக் கூடாதே என்று பெயர் போடும் பகுதியை மட்டும் நெருக்கியபடியே விட்டுவிடுவார்கள். அதன்பின் இரு ஓரங்களையும் வெட்டி, நடுப்பகுதியைத் திரை நிறையக் கொடுப்பார்கள்.

*

அந்த வெட்டில் போனது எவ்வளவு? ஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு. பழைய டிவியின் அகலம் 1.33 மடங்குதான். கணக்குப் போட்டால் நூற்றில் 43 பங்கு காணாமல் போகிறது. இடக்கோடியில் நாயகன், வலக்கோடியில் வில்லன், நடுவில் புழுதி என்று ஒரு சண்டைக் காட்சி அமைந்திருந்தால் மிஞ்சுவது புழுதி மட்டும். இதைச் சமாளிக்க, கேசட்டுக்கு மாற்றுபவரே படத்தை இடமும் வலமும் நகர்த்துவார். ஒளிப்பதிவாளர் செய்யாத கேமரா அசைவை நாம் அவர் செய்ததாக நம்பிப் பார்த்திருக்கிறோம்.

*

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. முதல் 70 எம்எம் படம் 1986இல் ரஜினி நடித்த 'மாவீரன்'.

*

அகலத் திரை என்றாலே கூடுதல் படம் என்று எண்ணிவிட வேண்டாம். பெங்களூருவைத் தாண்டி ராமநகரத்துப் பாறைகளுக்கு நடுவே எடுத்த 'ஷோலே' (1975), 35 எம்எம் பிலிமில் டிவி வடிவத்துக்கு நெருக்கமான சட்டத்தில் பதிவானது. 70 எம்எம் கேமராவின் செலவு தாங்காமல், பிறகுதான் மேலும் கீழும் குறைத்துப் பெரிதாக்கினார்கள். ஆனாலும் தியேட்டருக்கென்று தீர்மானித்த வடிவம் அந்த 2.2 அகலம்தான். 2025இல் இத்தாலியின் போலோன்யாவில் திரையிட்ட புதுப்பித்த பிரதியும் அதே வடிவில்தான் இருந்தது.

*

2006இல் தமிழக அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலம். அது மூலைக்கு மூலை அளவு. அதில் ஸ்கோப் படத்தை ஓரம் வெட்டாமல் முழுதாகப் போட்டால் படத்தின் உயரம் ஐந்து அங்குலம்கூட வராது, ஏறக்குறைய அரை ஜாண். மேலும் கீழும் கறுப்புப் பட்டை. "பாதி டிவி வீணாப் போவுதே" என்று வீட்டில் கேட்டவர்கள் தவறாகக் கேட்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்த பாட்டிக்கு முகம் தெரிய வேண்டுமே!

*

சிடி கடைகளில் அள்ளிக்கொண்டு போன விசிடியின் படத்தில் மொத்தம் 288 கோடுகள். அதில் ஸ்கோப் படத்தை முழு அகலத்துக்கு வைத்தால் பட்டைகள் போக மீதம் சுமார் 163 கோடுகள். பலரும் ஓரத்தை வெட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைய 4கே டிவியில் விசிடியைப் போல ஏறத்தாழ 82 மடங்கு புள்ளிகள் இருக்கின்றன.

*

டிஜிட்டல் வீடியோவுக்குப் பிடிக்காத காட்சி எது? நம் ஒகேனக்கல்தான். ஒரு காட்சிச் சட்டத்துக்கும் அடுத்ததற்கும் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைத்து இடத்தை மிச்சப்படுத்துவதுதான் விசிடி, டிவிடி, ஓடிடி எல்லாவற்றின் சூத்திரம். ஒருவர் அசையாமல் நின்று பேசினால் குறிக்க வேண்டியது உதடு மட்டும். அருவியில் ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு கணமும் இடம் மாறுகிறது. பரிசல் சுற்றுகிறது, சாரல் பரவுகிறது, மிச்சம் பிடிக்க எதுவுமே இல்லை. ஒகேனக்கல் என்ற பெயருக்கே கன்னடத்தில் புகையும் கல் என்று பொருள். புகை, தண்ணீர் இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு 1.15 மெகாபிட் மட்டுமே கொடுக்கும் விசிடி திணறிப்போகும். அருவி சதுரம் சதுரமாக உடைந்தது அதனால்தான். ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடமுண்டு. அதில் சாரல் சாரலாகவே தெரியும்.

பிலிமின் இயல்பான மணல்மணலான துகளும் இதே தொல்லையைக் கொடுக்கும். அதைத் துடைக்கப் போய் முகத்தின் சுருக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுவதுண்டு. அர்னால்ட் நடித்த 'பிரடேட்டர்' 2010இல் இரண்டாம் முறை ப்ளூ-ரேயாக வந்தபோது, காட்டுக்குள் வியர்த்து நின்ற வீரர்கள் மெழுகு பொம்மைகள்போல் ஆகிவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கும் துகளோடு பார்ப்பதுதான் பிடிக்கும். அது அழுக்கு அல்ல, பிலிமின் தோல்.

*

வீரப்பனை மனத்தில் வைத்து வில்லனை உருவாக்கிய 'கேப்டன் பிரபாகரன்' 1991இல் வந்தது. விஜயகாந்தின் 100ஆவது படம். வீரப்பன் கொல்லப்பட்டது 2004 அக்டோபர் 18இல், நம் பாப்பாரப்பட்டி அருகே. படம் 2025 ஆகஸ்டில் 4கேயில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. கேசட்டில் மட்டும் பார்த்தவர்கள் படத்தில் வரும் காட்டை முழு அகலத்தில் பார்க்க 34 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

*

படம் பார்க்கும்போது கறுப்புப் பட்டை திடீரென மறைந்து திரும்ப வந்தால் டிவியைக் குறை சொல்ல வேண்டாம். 'தி டார்க் நைட்' (2008) படத்தில் ஏறத்தாழ 28 நிமிடங்கள் ஐமேக்ஸ் கேமராவில் எடுத்தவை. ப்ளூ-ரேயில் அந்த இடங்களில் மட்டும் படம் திரை முழுக்க விரியும், டிவிடியில் விரியாது. 'அவதார்' படத்துக்கோ, ஜேம்ஸ் கேமரூன் வீட்டுக்கென்று பட்டையே இல்லாத வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்.

*

தியேட்டரில் நொடிக்கு 24 சட்டம், நம் பழைய டிவியின் 'பால்' முறையில் 25. படத்தை அப்படியே வேகப்படுத்தி ஏற்றினால் 160 நிமிடப் படம் ஆறு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். பாட்டின் சுருதியும் சற்று ஏறும்.

*

புதிய டிவியில் சினிமா சீரியல்போல வழுவழுப்பாகத் தெரிகிறதா? சட்டங்களுக்கு நடுவே டிவியே புதுச் சட்டங்களை உருவாக்கிச் சொருகுகிறது. 2018இல் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைக்கச் சொல்லி வீடியோவே வெளியிட்டார்கள். 2019இல் இந்தச் சொருகலை அணைத்துவைக்கும் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற டிவி அமைப்புமுறை அறிவிக்கப்பட்டது. உங்கள் டிவியின் பிக்சர் மெனுவில் அது இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். இருந்தால் அதைப் போட்டுவிட்டு, அருவியோ சண்டையோ உள்ள ஒரு காட்சியைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.