தற்கொலை செய்து கொண்டவருக்குத் திருப்பலி உண்டா?

துக்க வீட்டில் சில நேரம் காதில் விழும் பேச்சு இது: "அவனாகத் தேடிக்கொண்ட சாவு. பாதர் வரமாட்டார், கோயிலுக்குள் கொண்டு போகவும் விடமாட்டார்கள்." பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இதைவிடக் கொடிய சொல் வேறில்லை. ஆனால், இன்றைய கத்தோலிக்கத் திருஅவையின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

முன்பு அப்படிச் சொன்னது உண்மைதான். 1917ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பு, மனமறிந்து உயிரை மாய்த்துக் கொண்டவருக்குத் திருஅவை முறைப்படியான அடக்கத்தை மறுத்தது. அதிலும்கூட, இறக்குமுன் மனம் வருந்திய அடையாளம் தெரிந்தால் விலக்கு உண்டு. 1983இல் வெளிவந்த புதிய தொகுப்பின் 1184ஆம் விதி, அடக்கச் சடங்கு யாருக்கு மறுக்கப்படும் என்று பட்டியலிடுகிறது. விசுவாசத்தை வெளிப்படையாக மறுதலித்தவர்கள் அதில் இருக்கிறார்கள்; தற்கொலை செய்து கொண்டவர்கள் இல்லை. நாற்பது ஆண்டு கடந்தும் நம் பெரியவர்கள் சிலர் பழைய சட்டத்தையே சொல்லிக் கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் தற்கொலை பாவமில்லையா? பாவம்தான். உயிருக்கு நாம் காவலர்களே தவிர உரிமையாளர்கள் அல்லர் என்கிறது 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல். ஆனால், சாவான பாவம் என்று சொல்ல செயல் கனமானதாக இருந்தால் மட்டும் போதாது. முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும். கடுமையான மனநலக் கோளாறும் வேதனையும் பேரச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்று அந்நூலின் 2282ஆம் எண் தெளிவாகவே சொல்கிறது. மாதக்கணக்கில் மனச்சோர்வில் தூக்கமின்றிக் கிடந்தவர் எந்த அளவுக்குச் சுயமாக முடிவெடுத்தார் என்று பக்கத்து வீட்டுக்காரரா அளப்பது?

அடுத்த எண் மீட்பைப் பற்றியது. இப்படி இறந்தவரின் நிலைவாழ்வு குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது. தாம் மட்டுமே அறிந்த வழியில் கடவுள் அவருக்கு மனம்திரும்ப வாய்ப்புத் தர முடியும். மோட்சம் உறுதி என்று திருஅவை சொல்லவில்லை. நரகம் என்றும் சொல்லவில்லை. அவருக்காகச் செபிக்கிறது.

ஆகவே, மரணக் காரணத்தைப் பங்குக் குருவிடம் மறைக்க வேண்டியதில்லை. போலீஸ் விசாரணை, சவப் பரிசோதனை என்று உடல் கைக்கு வரத் தாமதமாகலாம். முதலிலேயே சொல்லிவிட்டால் ஏற்பாடுகள் எளிதாகும். திருப்பலி, கல்லறை மந்திரிப்பு, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் செபம் எல்லாம் மற்றவர்களுக்குப் போலவே. குடும்பம் விரும்பினால் தகனமும் செய்யலாம். 1963 முதல் அதற்கு அனுமதி உண்டு.

மலேசியாவில் தற்கொலை முயற்சி 2023 முதல் குற்றமல்ல. எனவே, உதவி கேட்கப் பயப்பட வேண்டாம். மனம் தளர்ந்திருப்போர் பிஃபிரண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம்.