பயனிலையிலிருந்து தொடங்குவோம்

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவரின் மகள், மாதிரி வினாத்தாள் கட்டுடன் என்னைக் காண வந்தார். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப்-4 தேர்வுக்கு அவர் ஆயத்தமாகி வருகிறார். பொது அறிவிலும் கணக்கிலும் அவருக்குக் கவலையில்லை; தமிழில்தான் பின்தங்குகிறார். "பொருளாதாரம் கற்பித்தவனிடம் இலக்கணம் கேட்கலாமா, அம்மா?" என்றேன். "அப்பாவின் விடைத்தாளில் கருத்தைவிட வாக்கியங்களைத்தான் அதிகம் திருத்துவீர்களாமே, ஐயா" என்றார்.

உண்மைதான். 'விலை உயர்ந்தால் தேவை குறையும்' என்பது பொருளாதார விதி. 'விலை உயர்ந்ததால் தேவை குறைந்தது' என்பது நடந்து முடிந்த நிகழ்வு. உயர்ந்தால், உயர்ந்ததால் என்னும் சொற்களுக்கிடையே ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆனால், நிபந்தனை காரணமாகிவிடுகிறது. வாக்கியம் பிழைத்தால் பொருளாதாரமும் பிழைபடும் என்பதால்தான் திருத்தினேன்.

அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளில் தேர்ச்சி கட்டாயம் என்று 2021-ஆம் ஆண்டு இறுதியில் அரசாணை வந்தது. குரூப்-4 தேர்வின் 200 வினாக்களில் 100 வினாக்கள் தமிழுக்கு உரியவை. அவற்றுக்கான 150 மதிப்பெண்களில் 40 விழுக்காடு, அதாவது 60 பெறாதவரின் மற்றப் பகுதி மதிப்பிடப்படுவதே இல்லை. பல ஆண்டு உழைப்பு, ஒருமை பன்மைத் தடுமாற்றத்தில் வீணாகக்கூடும்.

அந்தப் பெண் விதிகளை மனப்பாடம் செய்திருந்தார். ஆனால், வாக்கியத்தை எங்கிருந்து பார்ப்பது என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. தமிழில் பயனிலை பெரும்பாலும் இறுதியில் நிற்கிறது. எழுவாயோ முன்னால் இருக்கிறது. இடையில் வரும் பெயர்கள் நம் கவனத்தைக் கவர்ந்துவிடுகின்றன. 'உழவர்களின் கடன் சுமை அதிகரித்து வருகின்றன' என்று எழுதுவது அதனால்தான். பயனிலையை முதலில் பிடித்து, 'எது அதிகரிக்கிறது?' என்று கேளுங்கள். விடை உழவர்கள் அன்று, சுமை. ஆகவே, 'அதிகரித்து வருகிறது' என்பதே சரி. 'திட்டங்கள் மக்களைச் சென்றடைந்தது' என்பதும் இதே கேள்வியில் 'சென்றடைந்தன' எனத் திருந்திவிடும். 'ஒவ்வொரு மாவட்டங்களிலும்' என்பது மட்டும் வேறு வகைப் பிழை. ஒவ்வொன்றாக எண்ணும்போது பன்மைக்கு இடமில்லை. 'ஒவ்வொரு மாவட்டத்திலும்' என்றே எழுத வேண்டும்.

அடுத்து, 'யார் செய்தது?' என்னும் கேள்வி. 'அரசால் வழங்கிய நிதி' என்று நாளிதழ்களிலும் காண்கிறோம். 'அரசு வழங்கிய நிதி' என்றால் செய்வினை. 'அரசால் வழங்கப்பட்ட நிதி' என்றால் செயப்பாட்டுவினை. இரண்டையும் பாதிப்பாதியாக ஒட்டக்கூடாது.

எதிர்மறையிலும் எழுவாயே வழிகாட்டி. அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. அன்றாட வழக்கில் எல்லாவற்றுக்கும் 'அல்ல' என்கிறோம். தேர்வில் 'வறுமை விதி அன்று' என்பதே சரியான விடை.

வல்லினம் மிகுவதும் வெறும் அலங்காரமன்று. 'வேலை கொடு' என்பது வேலையில்லா இளைஞனின் கோரிக்கை. 'வேலைக் கொடு' என்றால் அவன் கேட்பது போர்க்கருவி! இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும் என்ற விதியை இந்த எடுத்துக்காட்டுடன் கற்றவர் மறக்கமாட்டார்.

இலக்கணப் பிழையே இல்லாத வாக்கியமும் இடர் தரலாம். 'நிலமற்ற உழவர்களும் தொழிலாளர்களும் விண்ணப்பிக்கலாம்' என்று ஓர் அறிவிப்பு வருவதாகக் கொள்வோம். சிறிது நிலம் வைத்துள்ள தொழிலாளி விண்ணப்பிக்கலாமா? 'நிலமற்ற' என்னும் அடைமொழி எதுவரை செல்கிறது என்பதை வாக்கியம் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு அலுவலகம் பொருள் மாறும். ஓரிடத்தில் உதவி கிடைக்கும், வேறிடத்தில் மனு திரும்பும். அடைமொழி உழவர்களுக்கு மட்டுமே உரியதெனில், 'தொழிலாளர்களும் நிலமற்ற உழவர்களும்' என்று இடம் மாற்றினால் ஐயம் தீரும். இருவருக்கும் உரியதெனில் இருமுறை எழுதுவதில் தவறில்லை. ஒரு சொல் மிச்சமாவதைவிட ஒரு குடும்பம் பயன்பெறுவது பெரிது.

குரூப்-4 தேர்வில் வெல்வோர் கிராம நிர்வாக அலுவலர்களாகவும் இளநிலை உதவியாளர்களாகவும் அமர்கின்றனர். சாமானியர் கைக்குச் செல்லும் சான்றுகளும் கடிதங்களும் அவர்கள் மேசையில்தான் உருவாகின்றன. எனவே, பயிற்சி மையங்கள் விடைகளை மட்டும் மனப்பாடம் செய்விக்காமல், நாள்தோறும் பத்து வாக்கியங்களையேனும் எழுதித் திருத்தச் செய்ய வேண்டும். தேர்வு ஒரு நாளோடு முடிந்துவிடும். அதன்பின் அவர்கள் எழுதப்போகும் வாக்கியங்களோ, பிறர் வாழ்வைத் தீர்மானிப்பவை.