மட்டாஞ்சேரியில் பௌதிகப் பாடமும் தேடும் சொல்லும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் முதலிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோர் அடுத்தடுத்த தெருக்களில் வசிக்கின்றனர். அண்மையிலுள்ள ஃபோர்ட் கொச்சியில் சலவைத் தொழில் புரியும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இத்தகைய இல்லங்களில் வளரும் மாணவன் வீட்டில் ஒரு மொழி பேசிப் பள்ளியில் வேறொரு மொழியில் பௌதிகம் கற்கிறான். தனி ஆசிரியரை அமர்த்த வசதியற்றவனுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களே துணை. ஆனால் அவற்றை எச்சொல்லால் தேடுவது?

தமிழில் உந்தம் எனப்படுவதை மலையாளப் பாடநூல் ‘ஆக்கம்’ என்கிறது. அச்சொல்லைத் தமிழில் எழுதித் தேடினால் படைப்பிலக்கியம் பற்றிய பக்கங்களே வந்து நிற்கும்! திசைவேகம் அங்கே ‘பிரவேகம்’, முடுக்கம் ‘த்வரணம்’, நிலைமம் ‘ஜடத்வம்’, விசையோ ‘பலம்’. இயற்பியலைப் பௌதிகம் என்றே தமிழரும் முன்னர் வழங்கினர். அப்பெயரளவில் நெருங்கியிருந்த இரு மொழிகளும் கலைச்சொற்களில் வெகுவாக விலகிவிட்டன. ஆகவே ஒவ்வோர் அத்தியாயத்தையும் தொடங்குமுன் மலையாளம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் சொற்பட்டியல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுதல் நலம். ‘மொமெண்டம்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிழையின்றி எழுத அறிந்தவன் எந்நாட்டுப் பாடத்தையும் தானே தேடிக்கொள்வான். பட்டியலின் தமிழ்ப் பகுதிக்குத் தமிழ்நாட்டு அரசின் பாடநூல்களை விலையின்றி இறக்கிக்கொள்ளலாம்.

கேரள அரசின் ‘கைட்’ நிறுவனம் கொள்ளைநோய்க் காலத்தில், 2020 ஜூன் 1 முதல், விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளை நடத்தியது. தமிழ்வழி மாணவருக்கும் அப்போது பாடங்கள் தயாரிக்கப்பட்டன என்பதைப் பலர் அறியார்.

செய்து காண்பதற்கு, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டம் மிகவும் பயனுடையது. சாய்தளத்தின் சரிவை மாற்றுதல், மின்சுற்றில் விளக்கை இணைத்தல் போன்ற சோதனைகளைக் கணினித் திரையிலேயே நிகழ்த்தலாம். தமிழிலும் மலையாளத்திலும் மொழிபெயர்க்கப்பட்டவை உண்டு, எல்லாம் இல்லை. இரு மொழியிலும் உள்ளதொன்றைத் தமிழில் ஒருமுறையும் மலையாளத்தில் ஒருமுறையும் இயக்கிக் காட்டினால் சொல்லும் பொருளும் ஒருங்கே மனத்தில் பதியும். இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பின்றியும் இவை இயங்கும்.

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் ‘என்.பி.டி.இ.எல்.’ விரிவுரைகள் ஆசிரியருக்கே உரியவை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் விரிவுரைகள் சிறந்தவையெனினும், பள்ளி மாணவனை எடுத்த எடுப்பிலேயே அங்கு அனுப்புதல் வீண்.

எப்பாடமாயினும், கணக்கு வந்தவுடன் ஒளிப்படக் காட்சியை நிறுத்தி, தாளில் விடை கண்ட பின்னரே மாணவனைத் தொடரச் செய்தல் வேண்டும். 2 கிலோகிராம் நிறையுள்ள பொருள் விநாடிக்கு 3 மீட்டர் திசைவேகத்தில் செல்லுமாயின் அதன் உந்தம் 6 கிலோகிராம் மீட்டர்/விநாடி. மலையாள வழித் தேர்வில் அவன் அதனை ‘ஆக்கம்’ என்றே எழுத வேண்டும்.