பழைய குட்டி யானையை வாங்கும் முன்

"சாமான் ஏத்த ஒரு குட்டி யானை சொல்லியிருக்கேன்" என்றால் தமிழ்நாட்டில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. 2005 மே மாதம் டாடா மோட்டார்ஸ் அறிமுகப்படுத்திய ஏஸ் வண்டிக்கு ஊர் வைத்த செல்லப் பெயர் அது. அதுவரை சின்னச் சரக்குக்கு மூன்று சக்கர லோடு ஆட்டோ, பெரிய சரக்குக்கு லாரி என்றிருந்தது. நடுவில் இருந்த இடத்தை, கிரிஷ் வாக் தலைமையிலான குழு உருவாக்கிய இந்த நான்கு சக்கர வண்டி, சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய் விலையில் வந்து பிடித்துக்கொண்டது. 2012 வாக்கில் விற்பனை பத்து லட்சத்தைத் தொட்டது. அந்தக் கால வண்டிகள் பல இன்றும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. புதிதாகத் தொழில் தொடங்கும் காய்கறி வியாபாரியும், தண்ணீர் கேன் போடும் தம்பியும் முதலில் விசாரிப்பது இவற்றைத்தான்.

வண்டி பார்க்கப் போனதும் எல்லோரும் எட்டிப் பார்ப்பது கிலோமீட்டர் மீட்டரை. வீண் வேலை. மீட்டர் கேபிள் அறுந்தபடியே மாதக்கணக்கில் ஓடிய வண்டிகள் உண்டு. மீட்டரைத் திருப்பி வைக்கத் தெரிந்தவர்களும் உண்டு. இந்த வண்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை ஓடிய தூரத்தைவிட ஏற்றிய பாரம்தான் சொல்லும். ஆரம்பகால ஏஸ் சுமக்க வேண்டியது முக்கால் டன், அதாவது 15 சிமெண்ட் மூட்டை. 30 மூட்டை ஏற்றியும் வண்டி நகரும். நகர்கிறதே என்பதுதான் வினை.

எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. டாடா இண்டிகா காரின் 1,405 சிசி நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில் சரிபாதி இது: இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். 150 சிசி பைக்குக்கு இருக்கும் சக்திதான். ஆனால் டீசல் என்பதால் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைக்கிறது. கியர் அதைப் பெருக்கிக் கொடுக்கிறது. பழைய மாடல்களில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதில்லை. ஹெட்டில் உள்ள ஒரு சின்ன அறையில் தெளிக்கப்பட்டு, அங்கே சுழன்று, எரியத் தொடங்கி, குறுகிய வாய் வழியாகச் சிலிண்டருக்குள் பாய்கிறது. அந்த அறையின் சுவர் வழியே வெப்பத்தில் ஒரு பங்கு கூலன்ட்டுக்குப் போய்விடும். அதனால் ரேடியேட்டர் கொஞ்சம் அடைத்தாலும் பாதிப்பு முதலில் ஹெட்டுக்குத்தான். நம் ஊரில் கூலன்ட்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் வேறு. உப்பு படிந்து குழாய் சுருங்கும். கூடுதல் பாரத்தோடு மேடு ஏறும்போது சூடு எகிறும். ஹெட் கேஸ்கட் போகும். கேஸ்கட்டோடு நின்றால் அதிர்ஷ்டம். ஹெட் வளைந்துவிட்டால் லேத்துக்குக் கொண்டுபோய் பேஸிங் செய்ய வேண்டும். வண்டி அத்தனை நாளும் செட்டில் நிற்கும், வாடகை போகும்.

இதை வாங்கும்போதே கண்டுபிடிக்கலாம். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஹீட்டர் பிளக்கோ கம்ப்ரஷனோ பலவீனமான வண்டி காலையில்தான் மக்கர் செய்யும். ரேடியேட்டர் மூடியையும் குளிர்ந்த நிலையிலேயே திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் தொடர்ந்து குமிழி வந்துகொண்டே இருந்தால் கேஸ்கட் கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் வழக்கமானது. பால் கலந்த காபி நிறத்தில் குழம்பியிருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஐடிலிங்கில் அந்த வாய் வழியாகப் புகை குப்குப்பென்று வந்தால், மெக்கானிக்குகள் சொல்லும் 'பேக் கம்ப்ரஷன்': பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. நான் அந்த வண்டியைப் பேரம் பேசாமலே விட்டுவிடுவேன். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வு வளையும். பெல்ட்டின் விலை அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

கிளட்ச்சுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் முடிந்தது.

பிறகு கீழே குனியுங்கள். சமதரையில் பின்னால் நின்று பார்த்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருக்கும். கம்பெனி கொடுத்ததற்கு மேல் பட்டை சேர்த்திருந்தால், அது ஓவர்லோடுக்கு எழுதிக்கொடுத்த வாக்குமூலம். பட்டை தாங்கினாலும் சேசிஸ் தாங்காது. பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் வெல்டிங் ஒட்டு இருந்தால் விலகிவிடுங்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் கிங் பின் தேய்ந்திருக்கலாம். அது கிரீஸ் காணாத வண்டியின் நோய். கவனிக்காமல் ஓட்டினால் முன் டயர்களைத் தின்றுவிடும். மீன் ஏற்றிய வண்டியென்றால் தொட்டியின் அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். மேலே புதுப் பெயிண்ட், கீழே உப்புத் தண்ணீர் அரித்த தகடு.

இனி காசுக் கணக்கு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸுக்கு மத்திய அரசு 2022-ல் நிர்ணயித்த அடிப்படைப் பிரீமியம் ஆண்டுக்கு 16,049 ரூபாய். மூன்று சக்கர வண்டி நீங்கலாக, மொத்த எடை 7,500 கிலோ வரையிலான வாடகைச் சரக்கு வண்டிகளுக்கு அதே தொகை! வண்டி நின்றாலும் ஓடினாலும் தினம் 44 ரூபாய். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று; டிங்கரிங், பெயிண்ட், ரிஃப்ளெக்டர் என்று அதற்கு முன் ஒரு செலவு. 15 வயதைக் கடந்தால் கட்டணமே பல மடங்கு. மைலேஜ் 20-லிருந்து 15-க்கு இறங்கிய எஞ்சினை நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓட்டினால் தினம் ஒரு லிட்டர் டீசல் கூடுதல். நல்ல செய்தியும் உண்டு: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாததால் பெர்மிட் தேவையில்லை. சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது. ஆனால் ஓவர்லோடில் மாட்டினால், 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். மேலும் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. ஒரு நடையில் கிடைத்த அதிக வாடகை இதற்கு எந்த மூலைக்கு?

இன்சூரன்ஸ், எஃப்.சி. இரண்டும் எந்தத் தேதி வரை என்று பார்த்து, மீதமில்லாத மாதங்களுக்கான பணத்தை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். தரகர் கூட்டிவரும் மெக்கானிக் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவரை அழைத்துச் செல்லுங்கள். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஃபைனான்ஸ் முடிந்ததற்கான என்.ஓ.சி. கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.