எட்டாவது வாரம் பிந்திய வாரம்

கர்ப்பிணியை எட்டு வாரத்துக்குள் பதிந்துவிட்டால் நம் தாய் சேய் நலச் சேவை அதை நேரத்தோடு செய்த பதிவாகக் கணக்கெடுக்கிறது. சோகைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது நேரம்தான். போலிக் அமிலத்துக்கு அல்ல. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணும் எட்டு வாரம் என்றால் கரு உருவாகி ஆறு வாரம். மூளையும் முண்ணாணும் ஆகவேண்டிய நரம்புக்குழாயோ கரு உருவாகி ஏறக்குறைய 28ஆம் நாளிலேயே மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனது தெரியும்போது மிச்சம் இரண்டே வாரம். கீழ்ப்பக்கம் மூடாமல் போனால் முதுகெலும்பில் பிளவு. பிழைக்கும் பிள்ளைக்குக் கால் வழங்காமலும் சிறுநீர் அடங்காமலும் போகலாம். மேற்பக்கம் மூடாவிட்டால் பிள்ளை தங்குவதில்லை. ஆகவே பசறையிலோ ஹப்புத்தளையிலோ உள்ள தேயிலைத் தோட்டங்களில், இந்தக் குறையைத் தடுக்க உதவும் போலிக் அமில மாத்திரை போய்ச் சேரவேண்டியது கர்ப்பிணிக்கு அல்ல, கலியாணமான பெண்ணுக்கு.

இந்தச் சத்தின் கதையே உழைக்கும் பெண்களிடம் தொடங்கியதுதான். பம்பாய் நெசவாலைப் பெண்களின் கர்ப்பகாலச் சோகை, இந்தச் சத்துள்ள மார்மைட் என்ற ஈஸ்ட் பசையால் குணமாவதை 1931இல் ஆய்வாளர் லூசி வில்ஸ் எழுதினார். அறுபது வருடம் கழித்து, 1991இல், ஏழு நாடுகளின் 33 நிலையங்களில் நடந்த ஆய்வு வெளிவந்தது. முன்பு நரம்புக்குழாய்க் குறையுள்ள பிள்ளை பெற்ற தாய்மார், கருத்தரிக்கும் முன்பே போலிக் அமிலம் எடுத்தபோது, அது திரும்ப வருவது 72 வீதம் குறைந்தது. 1992இல் ஹங்கேரி ஆய்வு, முதல் பிள்ளைக்கும் அது காவல் என்று காட்டியது. முழுக் காவல் அல்ல. மாத்திரை எடுத்தும் சிலருக்கு வரும். அதைச் சொல்லாமல் மறைத்தால் அடுத்த வீட்டில் நம்பிக்கை போய்விடும்.

“எங்க அம்மா எந்த மாத்திரை போட்டாங்க?” என்று கேட்பார்கள். இக்குறை அபூர்வமானது, பெரும்பாலானோர் தப்பியதால்தான் தப்பாதவர்கள் கண்ணில் படவில்லை. கீரை போதாதா என்பதும் நியாயமான கேள்வியே. முருங்கையிலும் வல்லாரையிலும் போலேட் உண்டு, ஆனால் கொதிநீரில் பெரும்பகுதி கரைந்துபோகும். கோதுமை மா ரொட்டியே காலைக்கும் பகலுக்கும் என்றாகும் லயத்தில், உலக சுகாதார அமைப்பு சொல்லும் 400 மைக்ரோகிராமைக் கீரையை மட்டும் நம்பி எட்டுவது கடினம். இவற்றைவிடக் கனமான தடை சந்தேகம். கலியாணமான கையோடு மருத்துவ மாது தரும் மாத்திரை கருத்தடைக்கானதோ என்ற பயம். தோட்டங்களில் நிரந்தரக் கருத்தடை எவ்வளவு பரவலாக நடந்தது என்பதை அறிந்தவர் அந்தப் பயத்தை மூடத்தனம் என்று தள்ளமாட்டார். இது பிள்ளையைத் தடுக்கும் மாத்திரை அல்ல, வரும் பிள்ளைக்கானது என்று மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்தே, தமிழில் சொல்லவேண்டும்.

கிளினிக்குக்குப் போனால் கொழுந்து குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளமே, விழும். எனவே புதுமணத் தம்பதியருக்கு அரசு இலவசமாகத் தரும் மாத்திரை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கோ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கோ வரவேண்டும். பிள்ளைக்கு ஆசைப்படும் நாளிலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை தினம் ஒன்று. அதன்பின் இரும்புச்சத்தோடு சேர்ந்தது. வலிப்பு மருந்து எடுப்பவர், நீரிழிவுள்ளவர், முன்பு இக்குறையுள்ள பிள்ளை பெற்றவர் ஆகியோருக்கு அளவு கூடுதலாக வேண்டியிருக்கும். அவர்கள் கருத்தரிக்கும் முன்பே வைத்தியரைக் காணவேண்டும்.