உங்களுக்குத் தெரியுமா? – நிலக்கரியை நாட்டுக்கு எழுதி வாங்கிய வழக்கறிஞர்

நெய்வேலிச் சுரங்கத்துக்குத் தனியார் முதலாளி என்று ஒருவர் இருந்ததே இல்லை. 1956 நவம்பர் 14 அன்று பதிவானபோதே நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் (என்.எல்.சி.) அரசு நிறுவனம்தான்; 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். இன்றைய ஜார்க்கண்டின் ஜாரியாவிலும் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சிலும் தனியார் சுரங்கங்களில் நிலக்கரி வெட்டியவர்களுக்கு அரசுச் சுரங்கத்தில் வேலை செய்யும் இந்த நிலை வாய்க்க மேலும் பதினைந்து, பதினாறு ஆண்டுகள் ஆயின. அதைச் செய்து முடித்த மத்திய அமைச்சர் ஒரு தமிழ் வழக்கறிஞர்: எஸ். மோகன் குமாரமங்கலம். நம் ஊர்ப் பிள்ளைகள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய பெயர்.

அவர் பிறந்தது 1916இல், லண்டனில். படித்தது ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும். தந்தை டாக்டர் பி. சுப்பராயன் திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதன்மை அமைச்சர். தாய் ராதாபாய் மங்களூர்க்காரர். தாய்வழித் தாத்தா குத்முல் ரங்கராவும் வழக்கறிஞரே. 1897இல் மங்களூரில் தாழ்த்தப்பட்டோருக்காக ஒரு சேவை அமைப்பைத் தொடங்கி, அந்தப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்.

சாதியும் மொழியும் இந்த வீட்டில் குறுக்கே நிற்கவில்லை. தந்தையின் திருமணம் கலப்புத் திருமணம். மோகன் மணந்த கல்யாணி வங்காளி. மேற்கு வங்க முதல்வராக இருந்த அஜய் முகர்ஜியின் உறவினர். அண்ணன் பி.பி. குமாரமங்கலம் 1966இல் தரைப்படைத் தளபதியானார். தங்கை பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்.

பாரிஸ்டர் பட்டத்தோடு 1939இல் ஊர் திரும்பியவர் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டிலும் நின்றார்! கம்யூனிஸ்டுகள் மீது பிரிட்டிஷ் அரசு தொடுத்த சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி, ஆர். உமாநாத் ஆகியோருடன் அவர் பெயரும் இருந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1966இல், அதே சென்னையில் அரசின் தலைமை வழக்கறிஞராக அமர்ந்தார்.

மொழிப் போராட்டம் கொந்தளித்த 1965இல் இந்தியாவின் மொழிச் சிக்கல் குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஆட்சியும் கல்வியும் அந்தந்த மக்களின் மொழியில் நடக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

1971இல் அவரை மக்களவைக்கு அனுப்பியது நம் பக்கத்துப் புதுச்சேரி. இந்திரா காந்தி எஃகு, சுரங்கத் துறையை அவரிடம் கொடுத்தார்.

நிலக்கரியை ஏன் அரசு எடுத்தது? மேலாக, எளிதில் கிடைக்கும் நல்ல கரியை மட்டும் சுரண்டிக்கொண்டு மீதியை மண்ணுக்குள்ளேயே பாழாக விட்டார்கள் பல முதலாளிகள். பாதுகாப்புக்குச் செலவழிக்க மனமில்லை. ஊதியக் குழு பரிந்துரைத்த கூலிகூடப் பலருக்குக் கைக்கு வரவில்லை. அதை மாற்ற மோகன் கையாண்ட முறையில் வழக்கறிஞரின் மூளை தெரிகிறது. நாட்டுடைமை வரப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னால் இயந்திரங்கள் இரவோடு இரவாக இடம் மாறும், கணக்குப் புத்தகங்கள் திருத்தப்படும். ஆகவே முதலில் அவசரச் சட்டத்தால் நிர்வாகம் மட்டும் அரசின் கைக்கு வந்தது; உரிமை பிறகு. எஃகு ஆலைகளுக்கு வேண்டிய கோக்கிங் நிலக்கரிச் சுரங்கங்களின் நிர்வாகம் 1971 அக்டோபரில் வந்தது. அவற்றின் உரிமை 1972 மே 1இல். மற்றச் சுரங்கங்கள் 711. அவற்றின் நிர்வாகம் 1973 ஜனவரி இறுதியில், உரிமை 1973 மே 1இல். இரண்டு முறையும் மே தினம்!

அவர் செய்ததில் என்னால் ஏற்க முடியாதது ஒன்று உண்டு. 1973 ஏப்ரல் 24 அன்று, அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற உச்ச நீதிமன்றத்தின் கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது. மறுநாளே, அதில் அரசுக்கு எதிராக நின்ற மூத்த நீதிபதிகள் ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். நீதிபதியின் சமூகப் பார்வையையும் அரசு கணக்கில் எடுக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் வாதாடியவர் மோகன். குற்றவாளிக் கூண்டின் இரு பக்கத்தையும் பார்த்தவர் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தாண்டப்பட்ட மூவரும் பதவி விலகினார்கள்.

அதே ஆண்டு மே 31 அன்று, சென்னையிலிருந்து டெல்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் பாலம் விமான நிலையத்தை நெருங்கும்போது விழுந்தது. இறந்த 48 பேரில் அவரும் ஒருவர். வயது 56. இந்தியன் ஏர்லைன்ஸின் தலைவராகவும் இருந்தவர் அவர்.

மகன் ரங்கராஜன் குமாரமங்கலமும் வழக்கறிஞர். 1998இல் மத்திய மின்துறை அமைச்சரானார். 2000இல் 48 வயதிலேயே காலமானார். தாத்தாவும் தந்தையும் காங்கிரஸ் ஆட்சியில் அமைச்சர்கள். இவர் பாரதிய ஜனதா அரசில்.

2013இல் என்.எல்.சி. பங்குகளை மத்திய அரசு விற்க முனைந்தபோது நம் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், நினைவிருக்கிறதா? கடைசியில் 3.56 விழுக்காட்டுப் பங்கைத் தமிழக அரசின் ஐந்து நிறுவனங்களே வாங்கின; தனியாருக்குப் போகவில்லை. மோகன் கொண்டுவந்த 1973ஆம் ஆண்டு நாட்டுடைமைச் சட்டமோ 2018 ஜனவரியில் நீக்கப்பட்டுவிட்டது.